அத்தாருக்கு நான் வாசிச்ச மரண அறிவித்தல்

உங்கட வெயிற்றிங் றூமில போட்டிருக்கிற கதிரையள் முதுகுக்குக் கூடாது, டொக்டர். வயசுபோன ஆக்கள் வந்து மணித்தியாலக் கணக்கில இருக்கிற இடத்தில ஆராவது பிளாஸ்ரிக் கதிரை போடுவினமே? பரவாயில்ல, நான் குறை சொல்ல வரேல்ல. என்னை மட்டும் தனிய உள்ளுக்குக் கூப்பிட்டது நல்லதாப் போச்சு. ஜெகதீஸ்வரி பக்கத்தில இருந்தால் மூக்கைச் சீறிக்கொண்டே இருப்பா. ஒரு கதையை முழுசாச் சொல்லி முடிக்கேலாது.

அவவின்ர தகப்பனுக்கு இந்த மறதி எப்ப தொடங்கினது எண்டு கேட்டனீங்கள். "அப்பாவுக்கு மெல்ல மெல்லத்தான் வந்தது டொக்டர், வயசுதானே" எண்டு அவ சொன்னா. நீங்களும் அதை அப்பிடியே எழுதினனீங்கள். நான் பக்கத்தில நிண்டு பாத்தனான். எனக்கு அது பிடிக்கேல்ல. மெல்ல மெல்ல வந்த சாமான் இல்ல அது. திகதி சொல்லுறன், எழுதுங்கோ. தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஒக்ரோபர் பதினேழு, வியாழக்கிழமை. காலமை எட்டேகால் இருக்கும்.

முதல் ஆளைச் சொல்லுறன். எனக்கு அவர் அத்தார், என்ர அக்கா இரத்தினம்மாவின்ர புருசன். சிவபாதசுந்தரம் மாஸ்ரர் எண்டால் யாழ்ப்பாணத்தில கணக்குப் படிச்ச ஆக்கள் எழும்பி நிப்பினம். முப்பத்தைஞ்சு வருசம் படிப்பிச்சவர். என்னையும் படிப்பிச்சவர், எனக்கு ஏறேல்ல. ஏறேல்ல எண்டதை ஊர் முழுக்கச் சொன்னவர். பேந்து கொழும்பில ஒரு கந்தோரில எனக்குக் கிளாக்கர் வேலை எடுத்துத் தந்தவர். அதையும் ஊர் முழுக்கச் சொன்னவர். வீட்டுக்கு ஆர் வந்தாலும், தேத்தண்ணி ஆறமுதல், "நவரத்தினத்துக்கு நான்தான் வேலை எடுத்துக் குடுத்தனான். கணக்கில பதினொரு மாக்ஸ் எடுத்த ஆள்" எண்டு தொடங்கிவிடுவார். சிரிச்சுக்கொண்டுதான் சொல்லுவார். கெட்ட மனிசன் எண்டு நான் ஒருநாளும் சொல்லமாட்டன். கெட்ட மனிசரோட எப்பிடியும் சீவிச்சுப்போடலாம், டொக்டர்.

நான் கலியாணம் கட்டேல்ல. ஊரில இருந்த எங்கட வீடு ஆமிக் காம்புக்குள்ள போட்டுது. அக்காவும் செத்துப்போக, வெள்ளவத்தையில, கடற்கரைப் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கையில, ரண்டாம் மாடி பிளாட்டில அவரும் நானும்தான் மிச்சம். பிளாட் ஜெகதீஸ்வரி லண்டனிலயிருந்து வாங்கிக் குடுத்தது. கொழும்பில இருக்கிற தமிழாக்கள் பொலிஸில பதியிற துண்டில அவர் வீட்டுக்காரர், நான் உறவினர்.

தொண்ணூற்றைஞ்சில அவற்ற ரண்டு கண்ணிலயும் வெள்ளை விழத் தொடங்கிச்சுது. கற்றரக்ட். முதல் பேப்பரை யன்னலடிக்குக் கொண்டுபோனார். பேந்து பூதக்கண்ணாடி வாங்கினார். பேந்து என்னட்டைத் தந்திட்டார். காலமையில நான் வாசிக்கவேணும், அதுவும் முதல் மரண அறிவித்தல். எங்கட ஆக்கள் பேப்பரைச் சாவிலயிருந்துதான் தொடங்குவினம், உங்களுக்குத் தெரியாததே? அந்த நாளில சனம் திக்குத் திக்காச் சிதறிப்போய்க் கிடந்தது. ஆர் இருக்கினம், ஆர் இல்லை எண்டு அறிய அந்த ஒரு பக்கம்தான் இருந்தது. நான் வாசிக்க அவர் திருத்துவார். "அவசரப்படாதை. மருமக்களை விட்டிட்டாய். திரும்ப வாசி." எனக்கு அப்ப அறுபத்திரண்டு வயசு.

கண் ஒப்பரேசனுக்கு நவம்பரில நாள் குறிச்சாச்சு. கண் சரிவந்த உடன அப்பாவை லண்டனுக்குக் கூப்பிடுறன் எண்டு ஜெகதீஸ்வரியும் சொல்லிப்போட்டா. ஒருநாள் மத்தியானம் சோத்தைப் பிசைஞ்சுகொண்டு அத்தார் சொன்னார், "நவரத்தினம், கண் தெரிஞ்சிட்டால் நீ எனக்காக மினக்கெடத் தேவையில்ல. பிளாட்டை ஆருக்கும் வாடகைக்குக் குடுத்துவிடுவம். நீ இனி உன்ர பாட்டைப் பார்." எனக்கு விடுதலை தாறாராம். முகத்தில அப்பிடியொரு சந்தோசம். நான் ஓம் அத்தார் எண்டன். இன்னும் கொஞ்சம் மீன் குழம்பு விட்டன்.

வீட்டுக்காகச் செய்தனான் எண்டு மட்டும் நினைச்சுப்போடாதேங்கோ. வெள்ளவத்தையில லொட்ஜ் இல்லையே? ஒரு அறைக்குள்ள ஆறு பேர், பாய் விரிக்க இடமில்ல, காலமையில கக்கூசுக்கு வரிசை. நான் மூண்டு இடம் போய்ப் பாத்தும் வந்தனான். இருக்கலாம். அதுக்காக இல்ல.

அந்த வியாழக்கிழமை பேப்பரில நாலு அறிவித்தல். மூண்டை ஒழுங்கா வாசிச்சன். நாலாவது ஒரு மன்னார் மனிசியின்ர. அதில வந்து நிக்க எனக்குள்ள என்ன தோன்றினதோ தெரியாது, "கொட்டாஞ்சேனையை வதிவிடமாகக் கொண்ட, இளைப்பாறிய சுங்க இலிகிதர் நாகேந்திரம் அவர்கள் நேற்றுக் காலமானார்" எண்டு வாசிச்சன். அன்னபாக்கியத்தின் அன்புக் கணவர் எண்டு மனிசியின்ர பேரையும் சேர்த்தன். மருமக்களை விடேல்ல. பிற்பகல் மூண்டு மணிக்குத் தகனம் எண்டும் போட்டன். ஒரு சொல்லும் தடக்கேல்ல. அவரும் திருத்தேல்ல.

நாகேந்திரம் அவற்ற ஒரே சிநேகிதன். பள்ளிக்கூட போடிங்கில ஒரே அறையில இருந்தவை. அவர் கதிரையிலயிருந்து எழும்பிட்டார். "மூண்டு மணிக்கெண்டால் இப்ப வெளிக்கிடவேணும்" எண்டார். போன் அடிச்சுக் கேக்கலாமே எண்டு நீங்கள் யோசிப்பியள். செத்த வீட்டுக்குப் போன் அடிச்சு, செத்தது மெய்யோ எண்டு எங்களில ஆரும் கேக்கிறதே? பிரேதம் எடுக்கமுதல் போய் முகம் பாக்கிறதுதான் முறை. அவர் முறை தவறாத ஆள். வெள்ளை வேட்டி கட்டி, சால்வையைப் போட்டுக்கொண்டு பத்து நிமிசத்தில நிண்டார். எனக்கு வயித்துக்க சரியில்லை எண்டன். முடக்கில நிக்கிற பீற்றரின்ர திறீவீலரில ஏத்திவிட்டன்.

மிச்சம் பீற்றர் சொன்னது. செக்பொயின்ரில மறிச்ச இடமெல்லாம் "மளகெதர" எண்டிருக்கிறார். சிங்களத்தில செத்த வீடு. ஆமிக்காரரும் பாவம் பாத்து உடன விட்டிட்டினம். செத்த வீடெண்டால் வாசலில வெள்ளைக் கொடி இருக்கும், கதிரை போட்டுச் சனம் இருக்கும். கண் தெரிஞ்ச ஆளெண்டால் ஒழுங்கைக்குள்ள திரும்பமுதலே விளங்கியிருக்கும். இவர் செருப்பைக் கழட்டிப்போட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். திறந்தது அன்னபாக்கியம். அவவின்ர ரண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு, "பாக்கியம், என்னை விட்டிட்டுப் போட்டானே" எண்டு குழறி அழுதிருக்கிறார். உள்ளுக்க இருந்து நாகேந்திரம், வாய்க்குள்ள பாணோட, "ஆரப்பா போனது?" எண்டு கேட்டிருக்கிறார். எங்கட ஆள் என்ன சொன்னவர் தெரியுமே? "தம்பியே? உன்ர குரலும் அவன்ர குரல் மாதிரியே இருக்கடா." அவரையும் கட்டிப்பிடிச்சு அழுதிருக்கிறார்.

பீற்றர் விழுந்து விழுந்து சிரிச்சான். நான் சிரிக்கேல்ல.

உயிரோட இருக்கிற புருசனுக்கு ஒப்பாரி வைச்சிட்டுப் போனார் எண்டு அன்னபாக்கியம் அண்டைக்கே வீட்டைக் கழுவி, கோயிலுக்கு ஓடி, புருசன்ர பேரில அர்ச்சனை செய்தவவாம். ரீச்சராயிருந்த மனிசி, டொக்டர். படிப்பு எங்க போய் நிக்குது பாருங்கோ. அதுக்குப் பிறகு அத்தாரை அந்தப் படி மிதிக்க விடேல்ல. நாகேந்திரமும் மனிசிக்குப் பயந்த பேயன், போனிலகூடக் கதைக்கிறதை விட்டிட்டார். ஒரு கிழமைக்குள்ள கொட்டாஞ்சேனையிலயிருந்து இரத்மலானை வரைக்கும் ஒரே கதை. மாஸ்ரருக்கு அறளை பேந்திட்டுது, புத்தி தடுமாறிப்போச்சு. அவ்வளவு பேரும் அவற்ற கண் மங்கலெண்டு தெரிஞ்ச ஆக்கள். பேப்பரை ஆர் வாசிச்சது எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. ஆரும் கேட்டால் நான் சொல்லவேண்டிவரும் எண்டு ரண்டு மூண்டு நாள் யோசிச்சுக்கொண்டுதான் திரிஞ்சனான்.

அத்தார் கேட்டார். அண்டைக்குத் திரும்பி வந்த உடன கேட்டார். "நீதானே வாசிச்சனி?"

"நான் எங்க வாசிச்சனான், அத்தார்? கடைசியா ஒரு மன்னார் மனிசியின்ரயை வாசிச்சன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தனீங்கள். கனவு கண்டியளோ தெரியாது."

பேப்பரையும் கையில குடுத்தன். மூக்கில முட்டப் பிடிச்சுக்கொண்டு கனநேரம் நிண்டார். பேந்து மடிச்சு, கவனமா மேசையில வைச்சார். "அப்ப எனக்கு என்ன நடந்தது?" எண்டு கேட்டார்.

நவம்பரில ஒப்பரேசனுக்கு முதல், நுகேகொடையில ஒரு கண் டொக்டர் பாத்தார். பேர் வேண்டாம், அவரில பிழையில்ல. "கண்ணைச் சுத்தி ஊசி போட்டு மரக்கப்பண்ணித்தான் வெட்டுறது. ஆள் முழிப்பாத்தான் இருப்பார். தலையை ஆட்டினால் கண் போச்சு. மனநிலை எப்பிடி?" எண்டு என்னட்டைக் கேட்டார். அத்தாருக்குக் கேக்காமல் கொட்டாஞ்சேனைக் கதையைச் சொன்னன். அவர் பேனையை வைச்சிட்டார். "மூண்டு மாசம் கழிச்சுப் பாப்பம். ஆனால் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ. கண் இருண்டால் மூளையும் கெதியா இருளும். மூளை பிழை எண்டு என்னட்டைக் கொண்டுவாற கன கிழவர்மாருக்குக் கண்தான் பிழை. திறந்துவிட்டால் கொஞ்சப்பேராவது பழையபடி வருவினம்" எண்டார். எவ்வளவு வடிவா விளங்கப்படுத்தினார் எண்டு இப்பவும் நினைக்கிறனான். அத்தார் முப்பத்தைஞ்சு வருசம் படிப்பிச்சும் இப்பிடி ஒரு பாடம் எனக்கு ஏறேல்ல. மூண்டு மாசம் கழிச்சு நான் கூட்டிக்கொண்டு போகேல்ல. பிறகும் போகேல்ல.

ஜெகதீஸ்வரிக்கு, "டொக்டர் மறிச்சுப்போட்டார், பிள்ளை" எண்டன். ஞாயிற்றுக்கிழமையில அவ போன் எடுப்பா. ஒருநாள் அத்தார் போனை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, "இவன் என்னைக் கண் டொக்டரிட்டைக் கொண்டுபோறானில்ல. பொய் சொல்லுறான். நீ வா பிள்ளை" எண்டு கத்தினார். நான் ஆறுதலா வாங்கி, "கேட்டியளே, பிள்ளை? இப்ப சந்தேகமும் தொடங்கீட்டுது" எண்டன். அங்கால ஒரே அழுகை. "ஐயோ மாமா, நீங்கள் மட்டும் இல்லாட்டி அப்பாவின்ர கதி என்ன?" லண்டனில பெரிய லைபிறறியில வேலை. அங்க இல்லாத புத்தகமே? வந்து பாக்க அவவுக்கு ஆறு வருசம் வேண்டியிருந்தது. சண்டையாம், பிள்ளையளுக்குச் சோதினையாம்.

அவர் லேசில விழேல்ல, அதையும் எழுதுங்கோ. காலமையில கட்டிலில நிமிர்ந்திருந்து ஒரு கேத்திரகணிதத் தேற்றத்தை முதல் வரியிலயிருந்து கடைசி வரி மட்டும் சொல்லுவார். மூளை சரியா இருக்கோ எண்டு தன்னைத்தானே சோதிக்கிறாராம். "நீ புத்தகத்தைப் பாத்துச் சரிபிழை சொல்லு" எண்டார். நான் புத்தகத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு, "ஒரு வரி விட்டிட்டியள், அத்தார்" எண்டன்.

"எது?"

"நடுவில."

திரும்பச் சொன்னார். இப்பவும் விட்டிட்டியள் எண்டன். விட்டாரோ இல்லையோ, சத்தியமா எனக்குத் தெரியாது. புத்தகம் எந்தப் பக்கத்தில விரிஞ்சு கிடந்தது எண்டே நான் பாக்கேல்ல. இப்பிடி ஒரு மாதத்துக்கு மேல போச்சு. வேர்க்க வேர்க்கச் சொல்லுவார். ஒருநாள் பாதியில நிண்டுபோய், முகத்தை என்ர பக்கம் திருப்பி, "நவரத்தினம், இதுக்கு அடுத்தது என்ன?" எண்டு கேட்டார். என்னட்டை. அந்த மனிசன், கணக்கை, என்னட்டை. சீ எண்டு போச்சு எனக்கு. அவரில வைச்சிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அண்டையோட போட்டுது.

பிறகு கஸ்ரமில்ல. செவ்வாய்க்கிழமையைப் புதன் எண்டுவன். கதிரையை ஒரு சாண் தள்ளி வைப்பன். தடக்கி விழுந்தால் நான்தான் தூக்குவன், எண்ணெய் பூசுவன், சோறு குழைச்சுக் குடுப்பன். ஒழுங்கையில உள்ள பொம்பிளையள் எல்லாம், சொந்தத் தம்பிகூட இப்பிடிப் பாக்கமாட்டான் எண்டு சொல்லிச்சினம். மெய்தான், பாக்கமாட்டான்.

ஒருக்கால் மட்டும் எனக்குக் கொஞ்சம் பதகளிச்சது. தொண்ணூற்றெட்டில ஒருநாள் விடியச் சுற்றிவளைப்பு. ஒரு இளம் சப் இன்ஸ்பெக்டர் வந்து பதிவுத் துண்டைப் பாத்து, இந்த ஆள் ஆர் எண்டு என்னைக் காட்டிக் கேட்டார். அத்தார் எழும்பி நிண்டார். வடிவான சிங்களம் அவருக்கு. "இவன் எனக்கு உயிரோட இருக்கிற ஆக்களைச் செத்திட்டினம் எண்டு வாசிக்கிறவன். என்ர கண்ணை வெட்ட விடுறானில்ல. நான் சொல்லுறதை எழுதுங்கோ" எண்டார். அவ்வளவும் உண்மை, ஒரு சொல் கூடக்குறைய இல்ல. நான் காதடியில விரலைச் சுத்திக் காட்டி, "பிஸ்ஸு, மாத்தயா" எண்டன், விசர் எண்டு. அந்தப் பொலிஸ்காரர் அவற்ற தோளில தட்டி, "ஹரி சீயா, வாடி வென்ன", சரி தாத்தா, இருங்கோ எண்டு, கதிரையில இருத்திவிட்டுப் போனார். பக்கத்து பிளாட்டில ஒண்டும் சொல்லாத ரண்டு பேரை ஏத்திக்கொண்டு போச்சினம். அதுக்குப் பிறகு அத்தார் ஒருத்தருக்கும் முறைப்பாடு சொன்னதில்ல.

இந்த வருசம் சண்டை நிண்டு, பாதை திறந்து, ஜெகதீஸ்வரியும் ஒருமாதிரி வந்து சேர்ந்தா. தகப்பன் சுவரைத் தடவிக்கொண்டு போறதைப் பாத்து நெஞ்சில அடிச்சா. நாலாம் நாள் வேற ஒரு கண் டொக்டரிட்டைக் கொண்டுபோனா. அவருக்கு அத்தார் மரக்கட்டை மாதிரிக் கிடந்திருக்கிறார், தலை ஆட்டேல்ல. முதல் ஒரு கண், ரண்டு கிழமையால மற்றது. றிப்போட் உங்கட மேசையில கிடக்கு, ரண்டு கண்ணும் திறம். இனி அப்பா பழையபடி வருவார் எண்டு அவ காத்துக்கொண்டிருந்தா. வரேல்ல. இண்டைக்கு என்ன நாள் எண்டு தெரியாது. அக்கா செத்ததோ இல்லையோ எண்டு என்னைக் கேக்கிறார். அதுதான் உங்களிட்டை வந்திருக்கிறம், நீங்களும் வயசு எண்டு எழுதிப்போட்டியள்.

டொக்டர், ஆறு வருசம். ஒருநாள் லீவு எடுக்கேல்ல நான். கந்தோரில முப்பது வருசம் வேலை செய்தும் இப்பிடி ஒண்டை முழுசாச் செய்து முடிச்சதில்ல. அதைத் தூக்கி வயசின்ர கணக்கில போட்டால் எனக்குப் பொறுக்கேலாது. வயசு செய்யேல்ல. நான் செய்தனான். வேணுமெண்டால் ஜெகதீஸ்வரிக்கும் சொல்லுங்கோ. அவ நம்பமாட்டா. மாமாவுக்கும் தொடங்கீட்டுது எண்டு அழுவா.

இன்னொண்டும் கேட்டனீங்கள். கண் தெரியிற ஆள் ஏன் என்ர தோளில கையை வைச்சுக்கொண்டு, நிலத்தைக் காலால தடவித் தடவி உள்ள வந்தார் எண்டு. அது நல்ல கேள்வி. இண்டைக்கு நீங்கள் கேட்டதில அது ஒண்டுதான் கேள்வி.

கடைசிக் கட்டு அவிட்டு வீட்டுக்கு வந்த அண்டைக்கு, ஜெகதீஸ்வரி மருந்து வாங்கக் கீழ போட்டா. அவர் யன்னலடியில நிண்டு கடலைப் பாத்தார். றெயில் போச்சுது, அதைக் கண்ணாலயே கடைசிப் பெட்டி மட்டும் பாத்தார். "நவரத்தினம், தண்ணி மினுங்குது. றெயில் சிவப்பா இருக்கு. எனக்குக் கண் தெரியுதோ?" எண்டு கேட்டார்.

தெரிஞ்சால் தெரியுது எண்டு சொல்லவேண்டியதுதானே. அவர் என்னைக் கேட்டார்.

"இல்லை, அத்தார்" எண்டன். "வெட்டின பிறகு கொஞ்சநாள் மூளை உப்பிடிப் படம் காட்டுமாம். அதை நம்பி நடந்து விழுந்துபோடாதேங்கோ."

கொஞ்சநேரம் கடலைப் பாத்துக்கொண்டு நிண்டார். பேந்து தலையை ஆட்டி, கண்ணை மூடிக்கொண்டு, என்ர தோளைத் தேடிக் கையை நீட்டினார்.

அடுத்த மாசம் அவரை லண்டனுக்குக் கொண்டுபோக ஜெகதீஸ்வரி அலுவல் பாக்கிறா. நான் இல்லாமல் அவர் ஒரு அடி எடுத்து வைக்கமாட்டார், நீங்களே கண்டனீங்கள். கூட ஒரு ஆள் கட்டாயம் போகவேணும் எண்டு நீங்கள் ஒரு கடிதம் தந்தால் என்ர விசாவுக்கு ஹைகொமிசனில குடுக்கலாம். கெதியா எழுதித் தாங்கோ, வெளியில அந்தக் கதிரையில அவர் கனநேரம் இருக்கமாட்டார். பாவம், என்னை விட்டால் அந்த மனிசனுக்கு இனி ஆர் இருக்கினம்?